பழைய டெஸ்க்டாப்: ஒட்டுப்போட்டு ஓட்டினீர்களா, தலைமுழுகினீர்களா?

செம்பூர்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். 2014-இல் மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் அசெம்பிள் செய்தது. நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் (சிபியு), 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவல் தங்கும் இடம்), 1 டிபி ஹார்டு டிஸ்க். காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டுக் காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்தான் திரையில் அந்த வட்டம் சுற்றுவது நிற்கும். "இதைப் பேப்பர்காரனுக்குப் போடுங்க" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை. 2022-இல் பொறுமை போய், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வாங்கின கடைக்கே போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் விலைப் பட்டியலைத் தொடவே இல்லை. "ஸ்லோ ஆகும்போது டாஸ்க் மேனேஜரில் எது நூறில் நிற்கிறது?" என்று இந்தியில் கேட்டார். எனக்கென்ன தெரியும்!

எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் திரையாம் அது. அன்று ராத்திரி திறந்து பார்த்தேன். சிபியு 11 சதவீதம். டிஸ்க் 100-லேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ராம் பற்றாமல் விண்டோஸ் எல்லாவற்றையும் டிஸ்க்கில் கொட்டுவதும் அள்ளுவதுமாக இருந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), பழசாக ஒரு 8 ஜிபி டிடிஆர்3 (என் மிஷினுக்குப் பொருந்தும் பழைய ரக ராம்). இரண்டும் சேர்த்து 4,000-க்குள் முடிந்தது. இப்போது அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. காபிக்குத்தான் வேறு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் என்றால் ஒன்றிரண்டைத் தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறெடுத்தும் பார்க்காது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்து, 2026 அக்டோபர் 13 வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். சிபியு மட்டும் மாற்றலாமே என்றால், அதற்குப் புது மதர்போர்டு வேண்டும். அந்த போர்டில் டிடிஆர்3 உட்காராது. ஒரு பல்லைப் பிடுங்கப்போய்த் தாடையே கையோடு வருகிற கதை. டேட்டா சென்டர்காரர்கள் வாரிக்கொண்டு போவதில் ராம் விலை வேறு ஏறிக் கிடக்கிறது. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?

தாராவி தோல்பை:
நாங்கள் புதுசு வாங்கிவிட்டோம் அண்ணா. வாங்கியும் பழசை விட முடியவில்லை. கடையில் பில் போடுவது டாட் மேட்ரிக்ஸில், கார்பனோடு மூன்று காப்பி. பில்லிங் புரோகிராம் அப்பா காலத்து டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) சரக்கு; எல்பிடி1, அதாவது பிரிண்டர் மாட்டும் பழைய பாரலல் போர்ட், தவிர வேறு வாசல் தெரியாது. புது மிஷினில் அந்த போர்ட்டும் இல்லை. யுஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன், மூச்சே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, விண்டோஸ் 11 வெறும் 64-பிட், டாஸ் புரோகிராமை அது திறக்கவே திறக்காது. இப்போது பழசில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, பில்லுக்கு மட்டும் மூலையில் வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி, மெயில் எல்லாம் புதுசில். கடையே பத்துக்குப் பன்னிரண்டு, அதில் இரண்டு கம்ப்யூட்டர்!

மாட்டுங்கா மாமி:
இரண்டு வருஷம் முன்னால் ஜூலை மழையில் எங்கள் வீட்டு மிஷின் பீப் பீப் என்று கத்திவிட்டுச் செத்தது. வந்த மெக்கானிக் மூடியைத் திறக்காமலே "மதர்போர்டு போச்சு, 6,500 ஆகும்" என்றார். காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் ராமைக் கழற்றினான். அந்தத் தங்க நிறப் பல் வரிசை மங்கிக் கறுத்திருந்தது. பேத்தியின் பென்சில் ரப்பரால் அதை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, டக்கென்று சத்தம் வருகிற மாதிரி அழுத்தி மாட்டினான். ஓடிவிட்டது. பையனுக்கு ஒரு டப்பா தட்டை. கடற்கரை ஊர் ஈரக்காற்றுக்கு இது வருஷா வருஷம் வரும், மதர்போர்டு விலை கேட்பதற்கு முன்னால் ரப்பரைத் தேடுங்கள்.

செம்பூர்வாசி:
மாமி, நாளைக்கே என்னுடையதைத் திறந்து பார்க்கிறேன். தாராவித் தம்பி, அந்த மூலை மிஷினில் இருக்கும் பில் கணக்குக்கு வேறு காப்பி எங்கேயாவது இருக்கிறதா? எஸ்எஸ்டி போட்டபோது கழற்றின என் பழைய டிஸ்க்கில் அக்கா கல்யாண போட்டோ எல்லாம் இருந்தது. போன மாதம் மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது.