கலப்பினத் தவளையின் குரோமோசோம்: படமும் விளக்கமும் வேண்டும்

வணக்கம். தேவிபட்டினம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். மழைக்கு ஊருணி நிறைந்து தவளைச் சத்தம் காதைப் பிளக்கிற நேரம், பிள்ளைகளே கேட்டார்கள்: கோவேறு கழுதை மாதிரி கலப்பினத் தவளையும் மலடாகத்தான் இருக்குமா?

மலடாகாத கலப்பினத்துக்கு உதாரணமாக ஐரோப்பாவின் உண்ணத்தகு தவளையைச் சொன்னேன். குளத் தவளையும் சதுப்புத் தவளையும் கலந்து வந்தது அது. போலந்துக்காரர் லெஷெக் பெர்கர் 1960களில் கண்டுபிடித்த விஷயம். பெற்றோர் இருவரிடமிருந்தும் 13, 13 என்று 26 குரோமோசோம் அதன் உடலில் இருக்கும். ஆனால் இனச்செல் (விந்து, முட்டை) உருவாகும் முன்பே ஒரு தொகுதி, பெரும்பாலும் குளத் தவளையுடையது, வெளியே தள்ளப்பட்டுவிடும். மிஞ்சியது இரட்டித்து, அப்புறம்தான் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு. அதனால் குளத் தவளையோடு சேர்ந்தாலே மறுபடி கலப்பினக் குஞ்சு பிறக்கிறது. டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும் மூன்று தொகுதியாக 39 குரோமோசோம் உள்ளவையும் சேர்ந்து, பெற்றோர் இனமே இல்லாமல் பெருகுகின்றன.

இரண்டு தொகுதிக் குரோமோசோம்களுக்கும் பதிலாகப் பச்சையும் சிவப்புமாக வலை நூலை வெட்டி மேசையில் பரப்பிக் காட்டினேன். வெளியே தள்ளப்படும் தொகுதியான பச்சை நூலை நான் கையால் ஒதுக்கியதும் ஒரு மாணவி, "செல்லுக்குள்ள இத யாரு டீச்சர் ஒதுக்குறது?" என்றாள். அருமையான கேள்வி, அவளுக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டும்.

விலக்கப்படும் குரோமோசோம்கள் நுண் உட்கருக்களாக (முதன்மை உட்கருவுக்கு வெளியே தனியாக நிற்கும் சிறு உட்கருக்கள்) தெரியும் நுண்ணோக்கிப் படங்கள், வகுப்பில் காட்ட அனுமதியோடு, யாரிடமாவது இருக்கிறதா? செல்லியல் படித்தவர்கள், எந்தக் குரோமோசோமை விலக்குவது என்று செல் எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் இதுவரை தெரிந்ததைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புரிகிற தமிழில் எழுதினால் பெரிய உதவி. ஆங்கிலக் கட்டுரை இருந்தாலும் சரி, நானே படித்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.