மனை 40 லட்சம், பத்திரத்தில் 22 லட்சம்: இது தப்பா?

புதுமனை
செங்கல்பட்டுப் பக்கம் ஊராட்சி எல்லையில் ஒரு மனை பேசி முடித்திருக்கிறோம், 40 லட்சம். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 22 லட்சம்தான் வருகிறது. விற்பவர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனுஷர். பத்திரத்தில் 22 போடுங்கள், மீதி 18 கையில் கொடுங்கள், உங்களுக்கும் லாபம்தானே என்கிறார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40-க்கு 3.60 லட்சம், 22-க்கு 1.98 லட்சம். 1.62 லட்சம் மிச்சம், எனக்கு அது காம்பவுண்டுச் சுவரும் போர்வெல்லும்.

சம்பளக்காரன் நான், கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். மனை இருக்கும் தெருவில் கால்வாய் கிடையாது, மழை பெய்தால் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், இவர்களுக்கு எதற்கு இன்னொரு ஒன்றரை லட்சம் என்று தோன்றுகிறது. ஆனாலும் 18 லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சட்டம் கேட்கவில்லை. மனசாட்சிப்படி இது தப்பா?

கீழத்தெரு
இதில் தப்பு பார்த்தால் நம் ஊரில் மனை வாங்கவே முடியாது சார். என் பத்திரம் பதியப் போனபோது டோக்கனில் இருந்து கையெழுத்து வரை தனித்தனி கவர். அதை வாங்கினவர்களுக்கு இல்லாத மனசாட்சி எனக்கு மட்டும் எதற்கு? கட்டுகிற வரி எங்கே போகிறது என்று முதலில் காட்டட்டும்.

பேரேடு
ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சட்டம் வேண்டாம் என்றாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். அந்த 18 லட்சம் உங்கள் கையில் இருக்கும்வரை வரி கட்டிய வெள்ளைப் பணம், வாத்தியார் வீட்டுப் படி ஏறியதும் கறுப்பு. நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் அடக்க விலை 22-தான், விட்டுப்போன 18-க்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி வரும். இப்போதைய 12.5 சதவீதத்தில் 2.25 லட்சம். அதாவது இன்றைக்கு மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். அதைக் கட்ட மனசு வராமல் அடுத்தவரிடம் நீங்களும் 'பாதி கையில் கொடுங்கள்' என்பீர்கள். வாத்தியாருக்கு விற்றவரும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

இன்னொன்று, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மாட்டினால் அதே தொகை அபராதம், அதுவும் பணத்தை வாங்கியவருக்கு. நல்ல மனுஷர் என்கிறீர்களே, அவர் தலையில்தான் விடியும்.

ஏரிக்கரை
கால்வாய் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த 7-இல் 2 சதவீதம் சொத்து மாற்றத்துக்கான கூடுதல் வரி, உள்ளாட்சிக்குப் போவது. 18 லட்சத்துக்கு 36,000 ரூபாய். நான் ஒரு தடவை வார்டு உறுப்பினராக இருந்தேன், ஒரு கோடையில் மோட்டார் காயில் கட்டக் காசில்லாமல் பதினோரு நாள் டேங்கில் தண்ணீர் ஏற்றவில்லை, பெண்கள் குடத்தோடு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வருகிற காசையும் தின்கிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். என்னைக் கேட்டிருக்கிறார்கள், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

கீழத்தெரு
சரி, வாத்தியார் என்ன செய்வார்? முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்ததற்கு அப்புறம் இதிலும் கொடுக்கணுமா?

பேரேடு
2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய இடம் என்றால் அன்றைய மதிப்பையே அடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆதாயத்தை ஆறு மாதத்துக்குள் அதற்கென்று இருக்கும் பாண்டில் (கடன் பத்திரத்தில்) போட்டால், 50 லட்சம் வரை வரி இல்லை, ஐந்து வருஷம் எடுக்க முடியாது. நாற்பதும் வெள்ளையில் வாங்கினாலும் அவருக்குப் பெரிதாகப் போகாது.

கீழத்தெரு
பார்த்தீர்களா! ஆடிட்டர் வைத்துச் செய்தால் வரிச் சேமிப்பு, பையில் வாங்கினால் வரி ஏய்ப்பு. ரெண்டிலும் அரசாங்கத்துக்குக் காசு போகவில்லை.

பேரேடு
கோபம் நியாயம்தான், பெரிய இடங்களில் சலுகையை வளைக்கிற வளைப்பை நானே தினம் பார்க்கிறேன், சிலதைக் கண்டால் எனக்கே கூசும். ஆனால் பாண்டில் போடுகிறவர் 'இவ்வளவு வந்தது, இதனால் கட்டவில்லை' என்று ரிட்டர்னில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தச் சலுகை அநியாயம் என்றால் எடுக்கச் சொல்லி நாம் சண்டை போடலாம். பையில் போகும் காசை எங்கே எழுதுகிறார்கள்?

புதுமனை
நேற்று சாயங்காலம் போய்ப் பேசினேன். பாண்ட் விஷயம் வாத்தியாருக்குத் தெரியவே தெரியாது, அபராதம் பணத்தை வாங்குகிறவருக்குத்தான் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். 1996-இல் வாங்கிய மூலப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார், அதிலும் பாதி விலைதான் எழுதியிருந்ததாம், அவரே சொல்லிச் சிரித்தார். மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். புரோக்கர்தான் வாசலுக்கு வந்து, 'ஏன் சார் காரியத்தைக் கெடுக்கிறீங்க' என்றார். காம்பவுண்டுச் சுவர் இந்த வருஷம் இல்லை, வேலிக் கம்பிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.