ரெசிடென்சிக்கு எல்.ஓ.ஆர். வாங்கிய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்குப் போக எழுதும் ஸ்டெப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்.ஓ.ஆர்., அதாவது பரிந்துரைக் கடிதம், என்று வந்தால் மட்டும் "நல்ல டாக்டரா பார்த்து வாங்கிக்கோ" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு விண்ணப்பித்து 2025 மார்ச்சில் மேட்ச் ஆனேன், அதாவது இடம் கிடைத்தது. அந்த வருடம் என் தூக்கத்தைக் கெடுத்தது பரீட்சையைவிட இந்த நாலு கடிதங்கள்தான். ஜூனியர்கள் தினமும் இதையே கேட்பதால் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஈராஸ் என்ற விண்ணப்ப இணையதளத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் சில வரி. ஒரு ப்ரோகிராமுக்கு, அதாவது ரெசிடென்சி தரும் ஓர் ஆஸ்பத்திரிக்கு, நாலு கடிதம் வரைக்கும் அனுப்பலாம், வாங்கி வைத்துக்கொள்வது எத்தனை வேண்டுமானாலும். கடிதத்தை நாம் ஏற்ற முடியாது. ஒவ்வொரு டாக்டர் பெயரிலும் நாம் ஒரு பதிவு போட்டால் தனி எண்ணோடு ஒரு படிவம் வரும், அதை அவருக்கு அனுப்பினால் அவரோ அவர் சார்பில் ஓர் உதவியாளரோ நேராக ஏற்றுவார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோமா என்று அந்தப் பதிவிலேயே கேட்கும், நாம் சொன்ன பதில் ப்ரோகிராமுக்கும் தெரியும். விட்டுக்கொடுத்துவிடுங்கள். தான் எழுதியதை மாணவி படிப்பாள் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் போனது எங்கள் மெடிசின் எச்.ஓ.டி.யிடம். முப்பது வருட சர்வீஸ், அவர் கடிதம் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. சார் ஃபைலிலிருந்து நிமிராமலே, "நீயே ஒரு டிராஃப்ட் அடிச்சுக் கொண்டு வாம்மா, சைன் பண்ணித் தர்றேன்" என்றார். நம் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பையனோ பொண்ணோ வெளிநாடு போகட்டும் என்ற நல்ல மனதில்தான் சொன்னார். நான் தயங்கி, "சார், என்னைப் பத்தி நானே எழுதினா சரியா இருக்காது, நீங்க எழுதிக் கொடுத்தாப் போதும்" என்றதும் டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் அனுப்பி வைத்தார். அவர் என்னைப் பார்த்து, "பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் மட்டும் சொல்லுங்க மேடம், மத்ததெல்லாம் பழைய ஃபைல்லயே இருக்கு" என்றார்.

அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழைய ஃபைலில் என்ன இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். உண்மையானவர், கடின உழைப்பாளி, நன்னடத்தை உள்ளவர், வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். நன்னடத்தைச் சான்றிதழுக்கு அது போதும். ஒரு ப்ரோகிராமில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர், இந்தப் பெண்ணை ராத்திரி டியூட்டியில் தனியாக விடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கடிதத்தைத் திறக்கிறார். நம் ஊரில் சிபாரிசு என்றால் பெரிய மனிதர் ஒரு வார்த்தை சொல்வது. அங்கே அது கூட இருந்து பார்த்தவர் சொல்லும் சாட்சி. ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் இல்லாமல் பாஸ், ஃபெயில் என்று மட்டும் ஆகிவிட்ட பிறகு இந்தச் சாட்சிக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எச்.ஓ.டி. சாரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன், அந்தக் கடிதத்தைக் கேட்கவே இல்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு போனது ஒரு அசிஸ்டென்ட் ப்ரொஃபசரிடம். வயது குறைவு, பெயர் வெளியே தெரியாது. ஆனால் என் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் டெங்கு வார்டில் பதினைந்து இரவுகள் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு ராத்திரி, கல்லூரி படிக்கும் பையன் ஒருவன், காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். ரெண்டு மணிக்கு பிரஷர் பார்த்தால் 100/80. மேல் எண் நன்றாக இருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருபதுதான் இருந்தது, டெங்குவில் அது ஆபத்தின் அறிகுறி, கை வேறு சில்லென்று இருந்தது. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட் டெஸ்ட் அனுப்பினேன், சாயங்காலம் 42 இருந்தது 51 என்று வந்தது. சாரை எழுப்பினேன். அவர் வருவதற்குள் சலைன் ஓடிக்கொண்டிருந்தது. பையன் நாலாம் நாள் வீட்டுக்குப் போனான்.

கடிதம் கேட்டுப் போனபோது நான் டிராஃப்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. என் சி.வி., எதற்காக இன்டர்னல் மெடிசின் என்று ஒரு பக்கம், அப்புறம் அவரோடு வேலை பார்த்த தேதிகள், நாங்கள் சேர்ந்து பார்த்த மூன்று கேஸ்களின் பெயரில்லாத குறிப்பு. அவ்வளவுதான். அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த ஹண்ட்ரட் பை எய்ட்டி பையனை நான் மறக்கவே இல்லம்மா" என்றார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஏற்றுகிற அன்றைக்கு அவர் அறையில் நெட் தகராறு செய்ய, பி.ஜி. அக்கா ஒருவர் லேப்டாப்போடு உள்ளே போய் உதவினார், நான் வெளியே வராண்டாவிலேயே நின்றேன். என்ன எழுதினார் என்று இன்றுவரை நான் படித்ததில்லை. ஆனால் நவம்பரில் ஒரு இன்டர்வியூவில் ப்ரோகிராம் டைரக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அந்த டெங்கு இரவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான்.

அமெரிக்கக் கடிதங்கள் இரண்டு, இரண்டும் டாக்டர் கூடவே இருந்து பார்க்க மட்டும் விடும் அப்சர்வர்ஷிப்பில் கிடைத்தவை. அப்சர்வராக இருக்கும்போது நோயாளியைத் தொடக் கூடாது, பிறகு அந்த டாக்டர் எதைப் பார்த்து எழுதுவார்? மிச்சிகனில் ஒரு மாதம் இருந்தேன். தினமும் மறுநாள் வரப்போகும் ஓரிரண்டு நோயாளிகளின் பிரச்சினைகளை ராத்திரியே படித்துவிட்டு, காலையில் காபி குடிக்கும் நேரத்தில் இரண்டு நிமிஷம் சொல்வேன். ஒருநாள் கால் வலி என்று வந்தவர் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர், அவருக்கு வெளியே யாரோ கிளாரித்ரோமைசின் எழுதியிருந்தார்கள், இரண்டும் சேர்ந்தால் தசையைப் பாதிக்கும், அதை எடுத்துச் சொன்னேன். கடைசி வாரத்தில் கடிதம் கேட்டபோது "தருவீர்களா" என்று மட்டும் கேட்காமல், "என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று தோன்றுகிறதா" என்று கேட்டேன். தோன்றவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் குறைவு.

இன்னொரு கிளினிக்கில் நடந்ததுதான் கஷ்டம். ஜூலையில் படிவம் அனுப்பினேன், ஆகஸ்டில் இரண்டு முறை நினைவூட்டினேன், "கண்டிப்பாக" என்று பதில் வந்தது, கடிதம் வரவில்லை. மிச்சிகனில் காலை எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு தினமும் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அம்மா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவாள். செப்டம்பர் 25 அன்று ப்ரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறந்தன. இங்கே எழுதாத இன்னொன்றையும் சேர்த்து என்னிடம் மூன்று கடிதம். நாலாவது இடத்தை நிரப்ப வேறு ஒரு டாக்டரின் சுமாரான கடிதம் கையில் இருந்தது, போடவில்லை. ஒரு ப்ரோகிராமுக்கு ஒதுக்கி அனுப்பிய கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, காலியாக விட்ட இடத்தில் பிறகு சேர்க்கலாம். அக்டோபர் இரண்டாம் வாரம், அந்த டாக்டரின் அலுவலகத்தில் ஓர் அம்மாவிடம் போனில் பேசிய பிறகு வந்து சேர்ந்தது.

உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

* * *

நான் இரண்டு தடவை விண்ணப்பித்துக் கடிதம் கேட்டவன், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன். முதல் வருடம் மேட்ச் ஆகவில்லை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது, நான் மற்ற இரண்டு பேரில் ஒருவன். மார்ச்சில் முடிவு சொல்லும் திங்கட்கிழமை அந்த மெயில் வந்ததும் பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. கடிதம் தந்தவர்களிடம் முகம் காட்டவே கூச்சம்.

அப்போது அண்ணன்தான் சொன்னான், "உனக்காக ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதியிருக்காருடா, என்ன ஆச்சுன்னு அவருக்குச் சொல்ல வேண்டாமா?" அன்றைக்கே மூன்று பேருக்கும் எழுதினேன். கிடைக்கவில்லை, மறுபடி முயற்சி செய்வேன், நீங்கள் செய்ததை மறக்கமாட்டேன் என்று. ஒருவர் மறுநாளே போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினார். என் விண்ணப்பத்தை வரி வரியாகக் கேட்டு, எங்கே பலவீனம் என்று சொன்னார்.

போன வருடக் கடிதம் அப்படியே அடுத்த வருட விண்ணப்பத்துக்கு வந்துவிடாது. புதுப் பதிவு, புது எண், அவர் மறுபடி ஏற்ற வேண்டும். பழைய தேதியோடு ஏற்றினால் பார்க்கிறவருக்கு உறுத்தும், அதனால் இடையில் நான் செய்ததையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். மார்ச்சில் பேசியிருந்ததால் ஜூலையில் கேட்டபோது மூன்றே நாளில் ஏற்றிவிட்டார். இன்னொருவர் அதற்குள் ஆஸ்பத்திரி மாறியிருந்தார், பழைய மெயில் முகவரி வேலை செய்யவில்லை. சொந்த முகவரியையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு வேறு. இன்டர்னல் மெடிசினுக்கும் ஃபேமிலி மெடிசினுக்கும் சேர்த்துப் போட்டிருந்தேன், ஆனால் ஒரே கடிதத்தை இரண்டுக்கும் அனுப்பினேன். உள்ளே "இவர் சிறந்த இன்டர்னிஸ்ட் ஆவார்" என்று இருந்திருந்தால் ஃபேமிலி மெடிசின்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இரண்டாவது வருடம் ஒரே டாக்டருக்கு இரண்டு பதிவு போட்டு, எது எதற்கு என்று தெளிவாக எழுதி இரண்டு கடிதம் கேட்டு வாங்கினேன். எமர்ஜென்சி மெடிசின் போடுகிறவர்கள் கவனம், அங்கே ஸ்லோ என்ற தனிப் படிவத்தில்தான் எதிர்பார்ப்பார்கள், சாதாரணக் கடிதம் அதற்கு ஈடாகாது.

* * *

மேலே எழுதிய தங்கைக்கும் தம்பிக்கும் நன்றி. நான் ரெசிடென்சி மூன்றாம் வருடம், எங்கள் ப்ரோகிராமில் விண்ணப்பங்களைப் படிக்க எங்களையும் உட்கார வைக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கடிதத்தை எடுத்ததும் நான் தேடுவது முதல் பத்தியில் ஒரு விஷயம்: இவரை எப்போது, எங்கே, எவ்வளவு நாள் பார்த்தார்? அது தெளிவாக இல்லையென்றால் மேற்கொண்டு என்ன புகழ்ந்தாலும் மனதில் ஒட்டுவதில்லை. குடும்ப நண்பர் என்பதற்காகப் பெரிய பதவியில் இருக்கும் ஒரு டாக்டர் எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் பெரிது, கூட வேலை பார்த்த ஒரு நாள்கூட உள்ளே இல்லை. "நேரத்துக்கு வந்தார், எல்லோரிடமும் மரியாதையாக இருந்தார்" என்பதோடு நிற்கிற கடிதம், வேறு சொல்ல எதுவும் இல்லை என்றுதான் எங்களுக்குக் கேட்கிறது. ஒரு சம்பவம் இருந்தால் போதும், சின்னதாக இருந்தாலும். அந்த 100/80 மாதிரி.

மனசு நோக எழுதுகிறேன், பணம் கட்டினால் கடிதம் நிச்சயம் என்று அப்சர்வர்ஷிப் விற்கிறவர்களிடம் போகாதீர்கள். வீட்டை அடமானம் வைத்து வந்த ஒரு பையனின் விண்ணப்பத்தில் அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்தேன். அதே டாக்டர், அதே வாக்கியங்கள், பெயர் மட்டும் வேறு என்று அதே வாரத்தில் இன்னொரு விண்ணப்பத்திலும் இருந்தது. அந்தப் பையன் நன்றாகப் படிக்கிறவன், அவன் தன்னைப் பற்றி எழுதிய பெர்சனல் ஸ்டேட்மென்ட் அவ்வளவு உண்மையாக இருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

* * *

அக்கா, இதைப் படித்ததும் எனக்கும் அப்படித்தான் இருந்தது. தனிச் செய்தியில் கேட்ட தம்பிக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்: இன்னும் ஹவுஸ் சர்ஜன்தான் என்றால் இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்கு. எந்த யூனிட், எந்தத் தேதி, யார் கூட இருந்தார்கள், நீ என்ன செய்தாய் என்று டியூட்டி முடிந்ததும் நாலு வரி எழுதி வை, நோயாளி பெயர் வேண்டாம். எனக்கு அந்த 42-ம் 51-ம் நினைவில் இருந்தது அப்படி எழுதி வைத்ததால்தான். அந்த நோட்டு இங்கே என் மேஜை டிராயரில் இருக்கிறது, அட்டையில் பெட்டாடின் கறையோடு.