அம்மாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன்: எந்த டாக்டரிடம் போவது?

செல்வி, கடலூர் முதுநகர்

அம்மாவுக்கு 64 வயது. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் நாலு கடை தாண்டுவதற்குள் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. குனிந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும், எழுந்து நடந்தால் மறுபடி அதேதான். எம்ஆர்ஐயில் எல்4-எல்5 இடத்தில் (இடுப்புப் பகுதித் தண்டுவடத்தின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில்) நரம்புப் பாதை குறுகியிருப்பதாக வந்திருக்கிறது. மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தாச்சு. ஒரு நியூரோ டாக்டர் நரம்பு மேல் இருக்கிற அழுத்தத்தை எடுத்தால் போதும் என்கிறார். ஒரு ஆர்த்தோ டாக்டர் ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்பை இணைத்தே ஆகவேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. படுத்த படுக்கையாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ரவி, லாஸ்பேட்டை

எங்கள் அப்பாவுக்கும் இதே எல்4-எல்5தான். நியூரோவா ஆர்த்தோவா என்பதில் குழம்பாதீர்கள், இரண்டு துறையினரும் இதைச் செய்கிறார்கள். தண்டுவட ஆபரேஷனையே முக்கிய வேலையாகச் செய்பவரா என்று பாருங்கள். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கத்தி பிடிப்பது நீங்களேதானா என்று நேராகவே கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஸ்க்ரூ விஷயத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எலும்பு நகர்ந்திருக்கிறதா? முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் நின்றபடி எடுக்கிற எக்ஸ்ரேயில் அது தெரியும். நகரவில்லையென்றால் பெரும்பாலும் அழுத்தத்தை எடுத்தாலே போதும். பிறகும் ஸ்க்ரூ வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்லட்டும்.

அப்பாவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த டாக்டர், ஃபிலிமைக் கையில் வாங்குமுன் அவரை வராந்தாவில் நடக்கவிட்டார். பாதத்தில் நாடி பிடித்தும் பார்த்தார். ரத்தக்குழாய் அடைப்பிலும் நடக்கும்போது இப்படிக் கால் வலிக்குமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைப் பார்க்காமல் விடவே கூடாது. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நியூரோசர்ஜரி, ஆர்த்தோ இரண்டும் அங்கே உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், எம்ஆர்ஐ ஃபிலிமோடு அது பதிந்த சிடியும் (டிஸ்க்) எடுத்துப்போங்கள்.

மீனா, பாகூர்

நான் பிசியோதெரபிஸ்ட். படுக்கை பயம் வேண்டாம். பெரும்பாலும் மறுநாளே பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். கால் குடைச்சல்தான் முதலில் குறையும். மரத்துப்போனது தெளிய மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இடுப்புவலி முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஆபரேஷனே வீண் என்று மனம் உடைந்துவிடும்.

ஆறு வாரம் வரைக்கும் குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, உடம்பைத் திருகுவது வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் காயத்தில் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம், அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம்: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும்.

செல்வி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குனிந்து நிமிர்ந்து எடுக்கிற எக்ஸ்ரே இதுவரை யாருமே எழுதவில்லை, முதலில் அதைக் கேட்கிறேன். அம்மா இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறார், அதை நிறுத்திவிடலாமா?

மீனா

நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்ஜனிடமும் இதய டாக்டரிடமும் சொல்லுங்கள். நிறுத்தலாமா, எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள்.