வீட்டிலிருந்து வகுப்பு எடுக்கும்போது குரல் ஏன் போகிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர்:

வகுப்பறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பக்கத்து வகுப்புச் சத்தத்தையும் மீறிப் பாடம் நடத்திய காலத்தில்கூட என் குரல் இப்படிப் போனதில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது, கடைசி வகுப்பில் வாக்கியம் முடியும் இடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. சாயங்காலம் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டிச் சமாளிக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இது. நேரில் வகுப்பு எடுக்கும்போது நாம் நினைக்கிற அளவுக்குப் பேசுவதில்லை. பலகையில் கணக்கு எழுதும்போது வாய் சும்மா இருக்கும், நோட்டுத் திருத்தும்போது சும்மா இருக்கும், ஒருத்தி எழுந்து படித்தால் அவள் முடிக்கும்வரை சும்மா இருக்கும். கூச்சல் போட்டால் மேசையில் ஒரு தட்டு, ஒரு முறைப்பு, போதும். இங்கே முறைப்பதற்கு முகமே இல்லையே! எல்லாரும் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு இருக்கிறார்கள், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரு சத்தமும் வராது, அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அதே கணக்கை இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக வேறு, சொல்லித் தொலைக்கிறேன். முதல் தடவை புரியாத பிள்ளைக்கு அது ரெண்டாவது தடவையும் புரியாது என்பது வேறு விஷயம்.

மற்றவர்களுக்கு எப்படி? கைவைத்தியக் குறிப்பு நிறைய வந்துவிட்டது, அது வேண்டாம். உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

இயற்பியல் சார்:

டீச்சர், ஹெட்செட் மாட்டிக்கொண்டா பேசுகிறீர்கள்? காதை முழுசாக மூடுகிற வகையா? என் விஷயத்தில் அதுதான் வில்லன். ஒரு நாள் வகுப்பு முடிந்து அறையை விட்டு வெளியே வந்தால் என் மனைவி கேட்கிறாள், "யாரோட சண்டை? வாசல் வரைக்கும் கேட்டுது." நான் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்பதை நாம் காதால் கேட்டுத்தான் சரிசெய்துகொள்கிறோம். சுற்றி இரைச்சல் கூடினாலோ நம் குரல் நமக்கே மங்கலாகக் கேட்டாலோ, நமக்குத் தெரியாமலே சத்தம் ஏறிவிடும். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயராலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். பழைய கம்பித் தொலைபேசியில் நாம் பேசுவதில் கொஞ்சம் நம் காதுக்கே திரும்பி வரும்படி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் சில ஹெட்செட்களில் 'சைட்டோன்' என்று அந்த வசதி உண்டு, பெரும்பாலும் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. என்னுடையதில் அது இல்லை, அதனால் ஒரு பக்கக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன், அவ்வளவுதான். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று மைக். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குக் கிடைக்கும் ஒலி 6 டெசிபல் போலக் கூடும். மடிக்கணினி மைக்கை நம்பி இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பேசுவதற்கும், வாயோரம் இரண்டு அங்குலத்தில் மைக் வைத்துப் பேசுவதற்கும் கணக்குப்படி 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். அந்த 20 டெசிபலையும் இவ்வளவு நாளாகத் தொண்டைதான் கொடுத்துக்கொண்டிருந்தது. மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காதீர்கள், மூச்சுக் காற்று அடிக்கும், வாயின் ஓரமாக வையுங்கள்.

தொடக்கப் பள்ளி டீச்சர்:

சார் சொல்வது சரி, ஆனால் என் கதை நேர் எதிர். நான் கத்தவே இல்லை. கைக்குழந்தை அதே அறையில் தூங்கும், அதனால் குரலை அமுக்கி அமுக்கித்தான் பேசுவேன். ஆனால் கேட்கிறவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், உற்சாகமும் காட்ட வேண்டும், பாட்டும் பாட வேண்டும். சத்தமில்லாமல் உற்சாகம் காட்டுவது எவ்வளவு கொடுமை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் பாட்டில் மேல் ஸ்வரம் போனது, பிறகு காலையிலேயே கரகரப்பு, அப்புறம் அது போகவே இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு 'ஈ' என்று இழுக்கச் சொன்னார். வலி இல்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. திரையில் என் குரல் நாண்கள். முத்துப்போல வெள்ளையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு நாணிலும் எதிரெதிரே சின்னதாக ஒரு புடைப்பு. நான் 'ஈ' சொல்லும்போது அந்தப் புடைப்புகள் மட்டும் முட்டிக்கொள்கின்றன, அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி அப்படியே இருக்கிறது. என் வாக்கியமெல்லாம் காற்றாகப் போனது அந்த வழியாகத்தான். பெண்கள் பேசும்போது நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதும் என்று அவர் சொன்னதும், ஒரு வகுப்புக்கு எத்தனை என்று மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

கத்தி வைப்பார்களோ என்று பயந்தேன். இந்த மாதிரி முடிச்சுக்கு முதலில் பயிற்சிதான் என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அவர் கொடுத்தது உறிஞ்சுகுழல். பாதி டம்ளர் தண்ணீரில் குழலின் முனையை இரண்டு விரல்கடை அமிழ்த்தி, குமிழி வரும்படி 'ஊ' என்று முனக வேண்டும், தாழ்ந்த ஒலியிலிருந்து மேலே ஏறி இறங்க வேண்டும். வாயருகே காற்றுக்குத் தடை இருப்பதால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் திரும்பி, நாண்கள் பலமாக மோதாமல் லேசாக அதிருமாம். ஃபின்லாந்தில் கண்ணாடிக் குழாயை வைத்து ரொம்ப காலமாகவே இதைச் செய்கிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். எனக்குக் கரகரப்பு போக மாதக்கணக்கு ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரத்தில் சரியாகும் என்று நினைத்துப் பாதியில் விடாதீர்கள்.

குசுகுசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். அழுத்திக் குசுகுசுத்தால் பலருக்குத் தொண்டைத் தசை இன்னும் இறுகுமாம். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான்.

மொழிப்பாட ஆசிரியை:

எனக்கு முடிச்செல்லாம் இல்லை, செருமல்தான். நாலு வரிக்கு ஒரு செருமல். பதிவான வகுப்பைக் கேட்டபோது எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு செருமலும் நாண்களைப் படாரென்று மோத வைக்கும், அதனால் சளி ஊறும், அதனால் மறுபடி செருமல் என்று மருத்துவர் விளக்கினார். கடைசியில் பார்த்தால் மூலகாரணம் வயிறு. ராத்திரி வகுப்புக்குத் தயார் செய்துவிட்டு நேரம் கழித்துச் சாப்பிட்டு உடனே படுப்பேன், அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரித்திருக்கிறது. எனக்கு நெஞ்செரிச்சலே வந்ததில்லை, அது இல்லாமலும் இப்படி ஆகுமாம். சாப்பாட்டை முன்னால் தள்ளினேன், செருமல் வந்தால் எச்சில் விழுங்குவேன் அல்லது ஒரு மடக்குத் தண்ணீர்.

வரலாறு சார்:

எல்லாம் சரி. ஹெட்செட், குழல், சாப்பாடு எல்லாமே சரி. ஆனால் யாரும் கால அட்டவணையைப் பற்றிப் பேசவில்லையே! நான் வேலை பார்க்கும் இடத்தில், "எப்படியும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று இரண்டு பிரிவை ஒரே இணைப்பில் சேர்த்து, வகுப்புக்கு வகுப்பு இருந்த இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். முன்பு ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடந்து போவோம், அந்த ஐந்து நிமிடம் குரலுக்குக் கிடைத்த ஓய்வு. இப்போது ஒரு சுட்டியை அழுத்தினால் அடுத்த வகுப்பு. அதற்குமேல் சாயங்காலம் பெற்றோர் அழைப்புகள்.

இது நம் தொண்டையின் பலவீனம் இல்லை. அமெரிக்காவில் ஐயோவா, யூட்டா மாநிலங்களில் செய்து 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றவர்கள் 28.8. அது எல்லாரும் நேரில் வகுப்பு எடுத்த காலம். போலந்தில் நீண்ட காலக் குரல் உழைப்பால் வரும் கோளாறு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நமக்கு "கொஞ்சம் வெந்நீர் குடிங்க" என்ற ஆலோசனைதான் கிடைக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவள்:

அப்படியென்றால் வெந்நீரால் பயனில்லையா சார்? நான் மேசையில் பாட்டில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கிறேன். மென்தால் மிட்டாயும் வாயில் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேலாகக் குரல் கம்மியே இருக்கிறது.

தொடக்கப் பள்ளி டீச்சர்:

குடிக்கலாம்மா, நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீர் நாண்கள்மேல் படாது, அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. உடம்பில் நீர் சேர்ந்து, மெதுவாகத்தான் அங்கே போய்ச் சேரும், அதனால் வகுப்புக்கு முன்னாலிருந்தே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நேரடியாகப் போய்ப் படுவது ஆவிதான். மென்தாலை விட்டுவிடு, குளுகுளுவென்று இருக்கும், அந்தச் சுகத்தில் வலி தெரியாமல் இன்னும் அதிகமாகப் பேசுவோம், சிலருக்கு உறுத்தவும் செய்யும். சளிக்கு மாத்திரை ஏதாவது போடுகிறாயா? சில மாத்திரைகள் தொண்டையை உலர்த்தும், அதையும் மருத்துவரிடம் சொல்.

அப்புறம், ஒரு மாதம் என்றாயே, அதற்குமேல் காத்திருக்காதே. கம்மல் 4 வாரத்தைத் தாண்டினால் நாண்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் வழிகாட்டுதல். விழுங்க வலித்தாலோ, மூச்சு விடக் கஷ்டமானாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ 4 வாரம்கூட வேண்டாம், உடனே போ.

கணக்கு டீச்சர்:

சார், ஒரு காதைத் திறந்து வைத்துப் பார்த்தேன். நான் இவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன் என்று இருந்தது. இன்னொரு வேலையும் செய்தேன், கேள்வி கேட்டதும் என் மைக்கை நானே அணைத்துவிடுகிறேன். பதிலை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். முதல் நாள் அந்த அமைதி பயங்கரமாக இருந்தது, அப்புறம் ஒரு பையன் "டீச்சர், உங்க மைக் மியூட்ல இருக்கு" என்று எழுதினான், அவன் பின்னாலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. பாதி தப்பு. ஆனால் அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

வரலாறு சார், அட்டவணையில் இடைவெளி கேட்டு எழுதப்போகிறீர்கள் என்றால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.