மணக்குழப்பு: ஒரு சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆப்பிள் தோட்டத்தில் மணத்தைப் பரப்பிப் பூச்சிகளை இணைசேரவிடாமல் செய்யும் முறைக்கு (mating disruption) 'இனக்கவர்ச்சிக் கட்டுப்பாடு' என்றே போட்டுவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இனக்கவர்ச்சிப் பொறி நம் விவசாயிகள் வாயில் பழகிய சொல், அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பொறி பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சியைக் கவர்ந்து இழுக்கிறது. இந்த முறையிலோ கவர்ச்சி பலிக்கவிடாமல் செய்கிறார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1990களிலிருந்து நடப்பதைப் பாருங்கள். காட்லிங் அந்துப்பூச்சியின் புழு ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போய் விதையைத் தின்னும். அந்தி நேரத்தில் பெண் பூச்சி விடும் மணத்தை மோப்பம் பிடித்து, எதிர்காற்றில் ஆண் பறந்து வரும். அந்த வேதிப்பொருளை 1971இல் கண்டறிந்தார்கள். அதையே ஏறக்குறைய ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, உச்சிக் கிளைகளில் முறுக்கிக் கட்டுகிறார்கள், ஏக்கருக்கு 400 வரை. தோட்டமெங்கும் அதே மணம் பரவியிருக்க, பெண் எங்கே என்று ஆணுக்குப் பிடிபடுவதில்லை.

அதே தோட்டத்தில் கண்காணிப்புக்காகப் பொறியும் தொங்கும். வழக்கமான 1 மில்லிகிராம் கவர்ச்சிப்பொருளை வைத்தால் பொறி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதனால் 10 மில்லிகிராம் வைக்கிறார்கள். பொறிக்கும் இந்த முறைக்கும் 'இனக்கவர்ச்சி' என்றே பெயர் வைத்தால் இதைத் தமிழில் எப்படி விளக்குவது?

'இணைசேர்க்கைத் தடுப்பு' பொருளில் சரிதான். ஆனால் 'தடுப்பு' என்றதும் விவசாயி கவலை விட்டது என்று நினைத்துவிடுவார். வெளியே இணைசேர்ந்துவிட்டு வரும் பெண் பூச்சி முட்டையிட்டால் இந்தக் குழாய்கள் ஒன்றும் செய்யமுடியாது. ஓரத்து மரங்களில் சேதம் கூடுவதும், சின்னத் தோட்டத்தில் இந்த முறை சரிவராததும் அதனால்தான்.

சரி, என் பரிந்துரை 'மணக்குழப்பு'. மணம் என்றால் வாசனை, மணம் என்றால் கல்யாணம். இங்கே இரண்டுமே குழம்புகின்றன. குழப்பம் நிலையைச் சொல்லும். நாம் செய்வதைச் சொல்ல, அழிப்பு, தடுப்பு போலக் குழப்பு. மணம் என்றால் பூவாசம்தானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். எறும்பு மணத்தை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்று எழுதும்போது யாரும் பூவை நினைப்பதில்லையே.

அப்புறம், அந்தக் குழாய்க்கு 'மணக்கசிவி' என்று வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுதான் அதன் வேலை. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.