42 வயதில் வேலையை விட 1.35 கோடி போதுமா?

கோவை_கணக்கு:
வயது 38. சொந்த வீடு, கடன் இல்லை. நாலு பேருக்கு மாதச் செலவு 45,000, வருடத்துக்கு 5.4 லட்சம். அதன் 25 மடங்கு 1.35 கோடி. 42-ல் சேர்ந்துவிடும். அப்புறம் வருடம் 4 சதவீதம் எடுத்துக்கொண்டு வேலைக்கு முழுக்கு. கார் இல்லை, ஸ்விக்கி இல்லை. ஒரு குறையும் தெரியவில்லை.

வாசு_திருச்சி:
சார், அந்த 4 சதவீதம் 1994-ல் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் போட்ட கணக்கு. அவர்கள் ஊர்ப் பங்கிலும் பத்திரத்திலும் போட்ட பணம் 30 வருடம் தீராமல் இருக்க. உங்களுக்கு 45 வருடமாவது ஓட வேண்டும். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்துக்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். 42-ல் 45,000 என்றே வைத்தாலும் 54-ல் 90,000. 66-ல் 1.8 லட்சம்.

கோவை_கணக்கு:
பணமும் சும்மா கிடக்காதே! பாதிக்கு மேல் இண்டெக்ஸ் ஃபண்ட், சென்செக்ஸ் மாதிரிப் பங்குக் குறியீட்டை அப்படியே பின்தொடர்வது. மீதியில் பிபிஎஃப் என்ற அரசுச் சேமிப்பு, 7.1 சதவீதம், வட்டிக்கு வரியும் இல்லை.

வாசு_திருச்சி:
நீங்கள் சொல்வது சராசரி. வேலையை விட்ட வருடமே 2008 மாதிரி வந்தால்? அந்த ஒரே வருடத்தில் சென்செக்ஸ் பாதிக்கு மேல் விழுந்தது. விழுந்த விலைக்கு ஃபண்ட் யூனிட்டை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும். சந்தை திரும்ப ஏறும்போது அந்த யூனிட் உங்கள் கையில் இருக்காது.

கோவை_கணக்கு:
மூன்று வருடச் செலவு எஃப்டியில் தனியாக இருக்கும். ஃபண்டைத் தொடவே மாட்டேன்.

மீனா_மதுரை:
அண்ணா, அந்த 45,000-ல் மொய் எவ்வளவு? ஸ்விக்கி இல்லை என்றால் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பது யார்? அப்புறம் முக்கியமான ஒன்று: வேலையை விட்டதும் கம்பெனி தரும் குரூப் மருத்துவக் காப்பீட்டு பாலிசி போய்விடும். அப்பா அம்மாவுக்குப் புதிதாக எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். பிரீமியமும் வயதோடு ஏறும்.

கோவை_கணக்கு:
பாலிசி விஷயம் சரி. ஆனால் மொய் போட்டது திரும்பி வருமே, நோட்டில் எழுதித்தானே வைக்கிறோம்?

மீனா_மதுரை:
திரும்பி வர நம் வீட்டில் விசேஷம் வைக்கணும். மண்டபத்துக்கும் பந்திக்கும் யார் கொடுப்பது? அக்கா தங்கை இருந்தால் தாய்மாமன் சீர் வேறு. "நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியுமா?

கோவை_கணக்கு:
சீருக்கும் கல்யாணத்துக்கும் தனி ஃபண்ட் போட்டிருக்கிறேன், இந்தக் கணக்கில் வராது. நான் ஒன்று கேட்கிறேன். ஐடியில் 45-ஐத் தாண்டினால் எத்தனை பேரைக் கம்பெனியே அனுப்பிவிடுகிறது? 25 மடங்கு போதாது என்று பேசுகிறவர்களில் பலரிடம் இரண்டு மடங்குகூட இருக்காது. அவர்களை யாரும் இப்படிக் குடைவதில்லை.

வாசு_திருச்சி:
சேர்ப்பதில் எனக்குச் சண்டையே இல்லை சார், விடுகிற தேதியில்தான். 35 மடங்கு வரட்டும், 1.89 கோடி.

கோவை_கணக்கு:
அதற்குள் 46 ஆகிவிடும். வேண்டாம். 42-ல் விட்டுவிட்டு, இரண்டு மூன்று கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்தால் மாதம் 15,000 வரும். காலையில் இரண்டு மணி நேர வேலை.

வாசு_திருச்சி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வருடம் 1.8 லட்சம் வந்தால் நீங்கள் எடுப்பது 3.6 லட்சம்தான், 1.35 கோடியில் 2.7 சதவீதம்கூட இல்லை. கடைக்காரர்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுக்கிறவரை தாங்கும். அப்பா அம்மா பாலிசியை மட்டும் 42 வரை தள்ளாதீர்கள், இப்போதே எடுங்கள்.